மாமாவோடு ஒரே சஹனில்

என் மாமனாருக்கு மறதி நோய் முற்றிய பிறகு எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு தினசரிச் சண்டையாகிவிட்டது. ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் அவருடைய வாய். அரிசியைக் குழையக் குழையக் கஞ்சி வைத்து, மீனை முள் எடுத்து மசித்துப் போட்டு, கரண்டியில் அள்ளி அவர் உதட்டருகே கொண்டுபோவேன். அவர் உதடு இரண்டையும் உள்ளே மடித்துக்கொள்வார். "மாமா, ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சுவேன். தலையைத் திருப்பிக்கொள்வார். நான் அந்தப் பக்கம் போனால் அவர் இந்தப் பக்கம் திரும்புவார். ஒருநாள் கரண்டியைத் தட்டிவிட்டார், கஞ்சி முழுக்க என் முகத்தில் தெறித்தது. என்னைப் பொறுமைசாலி என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அன்றைக்குச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களிடம் என் கோபத்தையெல்லாம் காட்டிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

மாமா காரைக்காலில் பிறந்தவர். மீசை அரும்பும் வயதில் கப்பலேறி வியட்நாமில் சைகோனுக்கு வந்து, பெரிய சந்தைக்குப் பக்கத்தில் உறவுக்காரர் ஒருவரின் ஜவுளிக்கடையில் சேர்ந்தவர். கட்டிக்கொண்டது இந்த ஊர்ப் பெண்ணை. எழுபத்தைந்தில் ஆட்சி மாறி, கடைகள் கைவிட்டுப் போய், நம் ஆட்கள் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்பியபோது இவர் மட்டும் கிளம்பவில்லை. பெற்றவர்களை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று மாமியார் சொன்னாராம், அதுதான் காரணம். மூத்த மகனை மட்டும் பாரிசுக்குப் போன சொந்தக்காரர்களோடு அனுப்பிவைத்தார்கள். அப்போது அவர் பள்ளிக்கூடம் போகிற பையன். இளைய மகன் இங்கேயே வளர்ந்து, டான் சோன் நாட் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, காரைக்காலில் பெண் தேடியபோது அகப்பட்டவள் நான்.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இந்த ஊரில் ஒரு வார்த்தை புரியாது. மாமியார் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கணவர் வேலைக்குப் போய்விட்டால், வீட்டில் என்னோடு காரைக்கால் தமிழில் நாலு வார்த்தை பேச மாமா ஒருத்தர்தான் இருந்தார். மாலையில் நான் தேநீர் கொண்டுபோய் வைத்தால், என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "ஊருல மழையாமே, போன் பண்ணுனியா?" என்பார். அதற்குமேல் எங்களுக்குள் பேச்சு வளராது. மாமனாரும் மருமகளும் எவ்வளவு தள்ளி நின்றால் மரியாதை என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

அப்படிப்பட்ட மனிதரின் வாயை என் கையால் திறக்கப் பார்ப்பது எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது. உதவிக்குக் குச்சி என்கிற புறநகரிலிருந்து ஓர் அம்மா காலையில் பஸ் பிடித்து வருவார். இந்த ஊரில் அக்காவைச் 'சீ' என்று கூப்பிட வேண்டும். நான் அவரைக் கூப்பிடுவதை ஊரிலிருந்து வந்த யாராவது கேட்டால், பாவம் அந்த அம்மாவை ஏன் இப்படி விரட்டுகிறாள் என்றுதான் நினைப்பார்கள். அவர் பேரப்பிள்ளைகளை வளர்த்த பழக்கத்தில் கரண்டியை விமானம்போல ஆட்டி ஆட்டி மாமா வாயருகே கொண்டுவருவார். மாமாவுக்கு அதைப் பார்த்தாலே கண் சிவந்துவிடும். மறதி வந்தாலும் மானம் போகவில்லை.

இப்படியே போனதில் மாமா உருகிப்போனார். கைலி இடுப்பில் நிற்கவில்லை. டாக்டர் நல்ல மனிதர், பயமுறுத்தவில்லை. விழுங்குவதில் கோளாறு எதுவும் தெரியவில்லை, சாப்பிட மறுப்பதுதான் பிரச்சினை என்றார். இது தொடர்ந்தால் மூக்கு வழியே குழாய் போட வேண்டியிருக்கும், குடும்பத்தில் பேசி முடிவுசெய்யுங்கள் என்றார். குழாயைப் பிடுங்கிவிடுவாரே என்று நான் கேட்டேன். "கையைக் கொஞ்சம் கட்டித்தான் வைக்கணும்" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும் வழியில் அப்படி ஒருவரைப் பார்த்தேன். இரண்டு கையிலும் துணி உறை மாட்டி, கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் கை என் நினைப்பில் வந்து நின்றது. அந்தக் கை சும்மா இருக்காது. துண்டை மடிக்கும், பிரிக்கும், மறுபடி மடிக்கும். சட்டைப் பொத்தானைப் போடும், கழற்றும். மேசையில் இல்லாத தூசியைத் துடைக்கும். பேச்சு, பேர், நாள், கிழமை எல்லாம் போன பிறகும் அவரிடம் மிச்சமிருந்தது அந்தக் கைதான். அதைக் கட்டுவதற்கு என் மனம் ஒப்பவில்லை. அவர் தானாகச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் கையைக் கட்டிவிடுவார்கள் என்பதே அன்றிலிருந்து என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஒவ்வொன்றாகச் செய்துபார்த்தேன். மேசைமேல் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு இருந்தது. மாமா அந்தப் பூக்களைக் கிள்ளி எடுக்கப் பார்ப்பதைக் கவனித்து, அதைச் சுருட்டி எறிந்தேன். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கரும்பச்சைத் தட்டு வாங்கிவந்தேன், சோற்றைப் பார்க்க ஆரம்பித்தார். நாலு கிண்ணத்தை முன்னால் வைத்தால் எதில் தொடங்குவது என்று மலைத்துப்போனார், எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொண்டுவந்தேன். டிவியை அணைத்தேன். இவ்வளவும் செய்து, கரண்டியையும் ஒளித்துவைத்துவிட்டு, எட்ட நின்று பார்த்தால், அவர் சோற்றைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், வாசலைப் பார்ப்பார். கை மடியிலேயே இருக்கும்.

எப்படிச் சாப்பிடுவது என்பதே மறந்துபோய்விட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். நானும் சீயும் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டு, சாப்பிடுங்க, சாப்பிடுங்க என்று இரண்டு மொழியில் சொல்லிக்கொண்டே இருந்தோம்.

அந்த வருடம் நோன்பு வந்தது. மாமா நோன்பு வைக்கும் நிலையில் இல்லை. ஆனாலும் டோங் டு தெருப் பள்ளிவாசல் அவருக்குக் கால் பழகிய இடம் என்பதால், ஒரு வெள்ளிக்கிழமை நோன்பு திறக்கும் நேரத்துக்கு என் கணவர் அவரை டாக்சியில் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பள்ளி ஒரு காலத்தில் நம் ஆட்கள் கட்டியது. இப்போது வருகிறவர்கள் மலாய்க்காரர்கள், இந்தோனேசியாக்காரர்கள், இந்த நாட்டுச் சாம் இன முஸ்லிம்கள், வழி கேட்டு வரும் சுற்றுலாப் பயணிகள். தமிழ் முகத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாயில் வரிசையாக உட்காரவைத்து, பெரிய தட்டுகளில் பிரியாணி வைத்தார்களாம், ஒரு தட்டுக்குச் சில பேராக. கணவர் அங்கிருந்தே எனக்குப் போன் செய்தார். குரல் உடைந்துபோயிருந்தது.

"ஏ புள்ளே, வாப்பா சாப்புடுறாஹ. தானா, கையால சாப்புடுறாஹ!"

"யாரு ஊட்டுனா?"

"யாரும் ஊட்டல. ரெண்டு மலாய்க்காரங்க வந்து தட்டுல கை வச்சாங்க. வாப்பாவும் பிஸ்மி சொல்லிட்டுக் கை வச்சிட்டாஹ."

போனை வைத்துவிட்டு நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் விருந்து என்றால் சஹன்தான். ஒரு பெரிய தட்டில் சோறும் கறியும் வைத்து, அதைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து கையால் எடுத்துச் சாப்பிடுவோம். தட்டைச் சுற்றி ஆள் சேராமல் யாரும் கை வைக்கமாட்டார்கள். ஒருத்தர் மட்டும் தனியாகத் தின்பது அநாகரிகம். மாமா சாப்பிட மறக்கவில்லை. கூட உட்கார ஆள் வருமென்று மாதக்கணக்கில் காத்திருந்திருக்கிறார். நாங்களோ மரியாதை என்ற பெயரில் அவரைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். எங்கள் மரியாதைதான் அவரைப் பட்டினி போட்டது. அதை நினைத்து அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மறுநாளே அலமாரி மேலிருந்து எங்கள் வீட்டுச் சஹனை இறக்கிக் கழுவினேன். மாமாவால் தரையில் வெகுநேரம் உட்கார முடியாது. அதனால் தெருவோரக் கடைகளில் போடுகிற குட்டைப் பிளாஸ்டிக் மேசையும் முக்காலிகளும் வாங்கிவந்து போட்டேன். கணவருக்கு விடுமுறை நாள். வாப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து கை வைத்தார். மாமாவும் கை வைத்தார். சோறு கொஞ்சம் மடியில் விழுந்தது, கொஞ்சம் மேசையில் விழுந்தது, மீதி எல்லாம் வயிற்றுக்குள் போனது. சீ வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கைதட்டினார்.

ஆனால் விடுமுறை தினமும் வருமா? கணவருக்குப் பெரும்பாலும் பகல் வேலை. மதியத்தில் வீட்டில் இருப்பது நான், சீ, மாமா. சீ உட்கார்ந்து பார்த்தார். அவருக்குக் கையால் சாப்பிட்டுப் பழக்கமில்லை, குச்சியோ கரண்டியோ வேண்டும். கரண்டியைக் கண்டதும் மாமாவின் உதடு உள்ளே போய்விட்டது. பிறகு மிஞ்சியது நான்தான்.

"மாமாவும் மருமவளும் ஒரே சஹன்லயா?" என்றார் கணவர். "ஊருல கேட்டா சிரிப்பாஹ."

"சிரிக்கட்டும். ஊரா வந்து இவஹளுக்குச் சோறு குடுக்கப்போவுது? நீங்க ஏர்போர்ட்டுல பொட்டிக்குக் காவல் இருப்பீங்க. உங்க நானா பாரிசுலேர்ந்து கைய நீட்டுவாஹளா?"

நானா என்றால் அண்ணன். அந்தப் பேச்சை எடுத்தால் கணவர் வாய் திறக்கமாட்டார் என்று தெரிந்துதான் எடுத்தேன்.

வாய் வீரம் அவ்வளவுதான். மறுநாள் மதியம் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மாமாவுக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து சஹனில் என் பக்கத்து ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு கை வைத்தேன். மாமாவும் சோற்றுக்குக் கையை நீட்டினார். அது பாதி வழியில் நின்றது. மெதுவாகக் கையை மடிக்கு இழுத்துக்கொண்டார். உடம்பைக் கொஞ்சம் திருப்பி, பார்வையைச் சுவரில் வைத்துக்கொண்டார்.

"உள்ள பொம்பளையளுக்கு வேற சஹன் வைக்கலியா?" என்று சுவரிடம் கேட்டார்.

எனக்கு முகம் எரிந்தது. என் பேர் அவருக்கு எப்போதோ மறந்துவிட்டது. நான் இந்த வீட்டில் யார் என்பதும் மறந்துவிட்டது. நான் அந்த இடத்தில் உட்காரக் கூடாதவள் என்பது மட்டும் அவருக்கு மறக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

அதற்கு மறுநாளும் அதே கதைதான். அப்புறம் ஒருநாள் நான் சந்தையிலிருந்து வர நேரமாகிவிட்டது. நல்ல வெயில், வரும் வழியெல்லாம் மோட்டார் சைக்கிள் நெரிசல். காலையில் பசியாறவும் இல்லை. பசி வந்தால் எனக்குக் கண் மண் தெரியாது. சோற்றையும் ஆணத்தையும், அதாவது குழம்பையும், சஹனில் கொட்டி மேசைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். மாமா வழக்கம்போலச் சுவரைப் பார்த்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"வாப்பா! எனக்குப் பசிக்குது வாப்பா!" என்று கத்திவிட்டேன்.

மாமா என்று சொல்லவேண்டிய வாயில் வாப்பா என்று எப்படி வந்தது என்று தெரியவில்லை. தாங்க முடியாமல் போனால் உம்மாவையும் வாப்பாவையும்தானே கூப்பிடுகிறோம். மாமா திரும்பினார். எவ்வளவோ நாளுக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"பசிக்குதா? ஏன் இவ்வளவு நேரம்? உக்காரு புள்ளே" என்று சொல்லி, பிஸ்மி சொல்லி, சஹனில் கை வைத்தார்.

நான் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன். அதைச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மதியத்தில் நான் அவருக்கு மகள். அவருக்குப் பெண் பிள்ளை கிடையாது, இரண்டும் ஆண்தான். இல்லாத மகளாக நடிப்பது பொய்யில்லையா என்று எனக்குள் கொஞ்ச நாள் குடைந்தது. கணவரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "நீ கூப்புட்டே, அவஹ திரும்புனாஹ. இதுல பொய் எங்க இருக்கு?" என்றார். எப்போதாவது அவரும் நல்ல வார்த்தை பேசுவார்.

ஆனால் மகளாகிப்போனதில் ஒரு புதுத் தொல்லை வந்தது. நல்ல துண்டுகளைத் தன் பக்கம் வைத்துக்கொள்வது நம் பழக்கத்தில் இல்லை. எதிரே இருப்பவர் பக்கம் தள்ளிவிடுவோம். மாமா எல்லாவற்றையும் என் பக்கம் தள்ளினார். கறி, மீன், முட்டை, பிறகு சோறும்கூட. தன் பக்கம் காலியானதும் திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொள்ளப் பார்ப்பார். நான் பதிலுக்குத் தள்ளுவேன். அவர் தள்ளுவார். "வாப்பா, நீங்க தின்னாத்தான் நான் தின்பேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அவர் உச்சுக்கொட்டிவிட்டு ஒரு கவளம் எடுப்பார். அப்புறம்தான் நான் எடுப்பேன்.

போகப் போகச் சில விஷயங்கள் பிடிபட்டன. நான் அவசரமாகச் சாப்பிட்டால் அவரும் அவசரப்பட்டு இருமினார். நான் மெதுவாக மென்றால் அவரும் மென்றார். பாதியில் அவர் நினைப்பு எங்கேயாவது போய்விட்டால், வாய் பேசாமல் அவர் கண் முன்னால் ஒரு கவளத்தை உருட்டி என் வாயில் போட்டுக்கொள்வேன். கொஞ்ச நேரத்தில் அவர் விரல்களும் சோற்றைத் தேடும். சோறு உதிரியாக இருந்தால் சிந்தியது, கொஞ்சம் குழைவாக வடித்தால் விரலுக்கு அடங்கியது. மீனைத் தோசைத் துண்டு அளவுக்குப் பிய்த்து வைத்தால் தானே எடுத்தார். சிந்துவதைத் துடைக்க நான் பாய்ந்தால் அவர் நிறுத்திவிடுவார். அதனால் சிந்தட்டும் என்று விட்டுவிடப் பழகினேன். என்னைப் போன்ற சுத்தக்காரிக்கு அதுதான் பெரிய பாடு. மாமாவின் எடை இறங்குவது நின்றது. என் எடை ஏறியது. அவர் ஒரு பிடி சாப்பிட நான் இரண்டு பிடி சாப்பிட வேண்டியிருந்தால் வேறென்ன ஆகும்?

பாரிசிலிருந்த மச்சான், அதாவது கணவரின் அண்ணன், ஒருநாள் மதியத்தில் வீடியோவில் கூப்பிட்டார். சீ போனை எங்கள் பக்கம் திருப்பிப் பிடித்தார். நானும் மாமாவும் ஒரே தட்டில் அளைந்துகொண்டிருந்ததை அவர் பார்த்தார்.

"இது என்ன, சிறுபிள்ளைங்க மாதிரி?" என்றார். அவர் தமிழ் தடுக்கித் தடுக்கி வரும். "வாப்பா எவ்வளவு சாப்பிட்டாங்க, நீ எவ்வளவு சாப்பிட்டே, எப்படித் தெரியும்? எடை ஏறலதானே? குழாயில போனா சரியா போவும். நான் வர்றேன். வந்து டாக்டர்கிட்ட முடிவு பண்ணிடலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. தூரத்தில் இருப்பவருக்குப் பயம் அதிகம். ஆனால் கணவருக்கு நானா சொல் வேத வாக்கு. "நானா வந்து பாக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். பார்த்த பிறகும் குழாய்தான் என்று அவர் சொல்லிவிட்டால் தம்பி தலையாட்டிவிடுவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

மச்சான் வந்தார். கடைசியாக அவர் வந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. தலை நரைத்து, முழங்கால் வலியோடு, முதுகில் பையுடன் சந்துக்குள் நடந்து வந்தபோது நடையில் அப்படியே மாமாவாக இருந்தார். மாமா அவரைப் பார்த்து சலாம் சொன்னார். வெளியாளுக்குச் சொல்கிற சலாம் அது. மச்சான் குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வாப்பா, நான்தான்" என்றார். மாமா மரியாதையாகத் தலையை ஆட்டினார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போவதாகப் பேச்சு. குழாய் போட்டால் மாமாவின் கையைக் கட்டிவைப்பார்கள் என்பதை மட்டும் நான் மச்சானிடம் சொல்லிவைத்தேன்.

மதியத்துக்கு நெய்ச்சோறும் கறியும் ஆக்கியிருந்தேன். கணவர் லீவு போட்டிருந்தார். நாலு பேரும் குட்டை மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். மச்சானின் முழங்கால் அவர் தாடையை இடித்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார், கரண்டியைத் தேடுகிறார் என்று புரிந்தது. கரண்டி வைத்தால் மாமா வாயை மூடிக்கொள்வார் என்று சொன்னேன். அவர் தயங்கிக் கையை வைத்தார். உள்ளங்கையெல்லாம் சோறு. தூக்கினால் பாதி வழியில் கொட்டியது. பாரிசில் முள்கரண்டியோடு வளர்ந்த கை, என்ன செய்யும்? இரண்டாவது தடவையும் கொட்டியது. என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கையை நீட்டி, மச்சானுக்கு முன்னால் சிதறிக்கிடந்த சோற்றைக் கூட்டிச் சேர்த்து, ஒரு துண்டுக் கறியைப் பிய்த்து அதன்மேல் வைத்து, விரல் நுனியால் கவளமாக உருட்டினார். அதைச் சஹன் ஓரத்தில் மச்சான் பக்கம் வைத்தார்.

"விரலால எடுங்க. அவசரமில்ல" என்றார்.

மச்சான் எடுத்து வாயில் போட்டார். மாமா அடுத்ததை உருட்டினார். அதையும் போட்டார். நடுநடுவே மாமா தன் பக்கத்திலிருந்தும் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டார். யாரும் அவரைச் சாப்பிடச் சொல்லவில்லை. விருந்தாளி சாப்பிடும்போது வீட்டுக்காரர் கையை நிறுத்தக் கூடாது என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. மச்சான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தம்பி பக்கம் திரும்பாமலே, வியட்நாம் மொழியில், மெதுவாகச் சொன்னார். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டாம், இந்தக் கையைக் கட்ட நான் சம்மதிக்கமாட்டேன் என்றார். நான் நீர் எடுத்து வரும் சாக்கில் எழுந்துபோய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

நான் திரும்பி வந்தபோது மாமா விருந்தாளியோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

மச்சான் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "இந்த ஊருதான்" என்றார்.

"இந்த ஊரேவா?" மாமாவின் முகமெல்லாம் சந்தோஷம். "பக்கத்துலதான் இருக்கீங்க. அப்ப அடிக்கடி வந்துட்டுப் போவலாமே."

மச்சான் சஹனைப் பார்த்துக் குனிந்துகொண்டார். "வர்றேன் வாப்பா" என்று சொல்ல அவருக்கு வெகுநேரம் பிடித்தது.